கியர் சைக்கிளில் போடிமெட்டு: சாதாரண ஆட்கள் ஏறுவதற்கான செய்முறை

போடிமெட்டுக்குச் சைக்கிளில் போகிறேன் என்று சொன்னால் தேனிப் பக்கம் வரும் முதல் கேள்வி, "ஏன், பஸ் ஓடலையா?" ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் தினம் கடைத்தெரு வரை சைக்கிள் மிதிக்கிற, லேசாகத் தொப்பை விழுந்த, பந்தயம் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர் இந்த மலையை இறங்கித் தள்ளாமல் ஏறிவிட முடியும். கால் பலம் அதற்குப் பெரிதாக வேண்டாம். சின்ன கியரும், மெதுவாகப் போக வெட்கப்படாத மனசும் இருந்தால் போதும். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் கியரைப் பற்றித்தான் இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

பாதை இதுதான். கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இல் (பழைய ஆட்களுக்கு 49) போடியிலிருந்து மேற்கே போனால் ஏழெட்டு கிலோமீட்டரில் முந்தல். குரங்கணி ரோடு பிரிகிற இடம். அங்கிருந்து மலை ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், உச்சியில் கேரள எல்லை. மலைப்பகுதி மட்டும் சுமார் இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சராசரி சரிவு 5 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயர்வீர்கள். பயப்படுகிற சரிவே இல்லை. ஆனால் ஓய்வே தராத சரிவு. மதுரையிலிருந்து வருபவர்களுக்கு 2023-லிருந்து போடி வரை ரயிலும் இருக்கிறது.

முதல் வேலை: பல் எண்ணுங்கள்

சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, முன்னால் இருக்கும் மிகச் சின்ன பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். சாக்பீஸால் ஒரு பல்லில் குறி போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. சாதாரண 700சி அளவுச் சக்கரத்தில் அது சுமார் 2.1 மீட்டர். இந்த மலையில் நம்மைப் போன்றவர்களின் வேகம் மணிக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர்தான். ஆறரையில் போனால் நிமிடத்துக்கு 51 சுற்று மிதிக்க வேண்டும். பரவாயில்லை, ஏறிவிடலாம். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்கு 62 சுற்று. ஒவ்வொரு மிதியும் அந்த அளவுக்கு லேசாகும், முட்டி உங்களை வாழ்த்தும். கியரே இல்லாத பழைய ஹெர்குலிஸில் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் போகும், அதாவது நிமிடத்துக்கு 21 சுற்றுதான். உட்கார்ந்து மிதிக்கவே முடியாது. எழுந்து நின்று மூன்று மணி நேரம் மிதிக்கிற ஆள் இந்தப் பதிவைப் படிக்க வேண்டியதில்லை.

மலை சைக்கிள் வகைகளில் பெரும்பாலும் முன்னால் 24 பல் இருக்கும். அப்படியென்றால் எதையும் மாற்றாதீர்கள். ஹைப்ரிட் வகையில் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் உள்ளது) முன்னால் 28, பின்னால் 28 என்றுதான் அதிகம் வருகிறது. அதற்கு என் ஆலோசனை: புது சைக்கிள் வாங்காதீர்கள், பின்னால் இருக்கும் ஃப்ரீவீலை (பல்சக்கர அடுக்கை) மட்டும் மாற்றுங்கள். ஏழு கியருக்கு ஷிமானோவின் 14-34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீல் கிடைக்கிறது. கடைசி ஒரு பல்சக்கரம் மட்டும் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெரிதாக இருக்கும். கழற்றுவதற்குத் தனி ரிமூவர் வேண்டும். மிதித்து மிதித்து இறுகிப்போயிருக்கும் என்பதால் அதை மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இனிமேல்தான் எனக்கு நிறைய நேரம் தின்ற இடம். 34 பல் போட்ட பிறகு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கடையில் ஒன்றைப் பார்த்தால் மற்றதை விடுவார்கள்.

செயின் நீளம் முதலாவது. பழைய செயின் பெரிய பல்சக்கரத்துக்குப் போதாது. முன்னால் இருப்பதிலேயே பெரிய சக்கரம், பின்னால் இருப்பதிலேயே பெரிய சக்கரம் இரண்டின் மீதும் செயினைச் சுற்றி, டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பின்பக்கக் கருவி) வழியாக விடாமல், இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். அதற்கு மேல் இரண்டு கண்ணி கூடுதல். அதுதான் சரியான நீளம். குட்டையாக இருந்தால், களைப்பில் நீங்கள் தவறான கியரைத் தட்டும் ஒரு நொடியில் டீரெய்லரை முன்னால் இழுத்து, அது மாட்டியிருக்கும் காதையே வளைத்துவிடும்.

இரண்டாவது, டீரெய்லர் 34 பல்லைத் தாங்கும் மாடலா என்பது. பெட்டியில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பி திருகு. டீரெய்லரின் பின்பக்கம், அது ஃபிரேமில் மாட்டுகிற இடத்தை ஒட்டி ஒரு சின்னத் திருகு. மேலே இருக்கும் சின்ன உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. இதன் வேடிக்கை என்னவென்றால், ஸ்டாண்டில் போட்டுக் கையால் பெடலைச் சுற்றினால் எல்லாம் வெண்ணெயாக ஓடும். ஏற்றத்தில் முழு எடையைப் போட்டு மிதிக்கும்போதுதான் உருளையும் பல்லும் உரசி 'கரகர' என்று சத்தம் வரும். வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள், உருளை கீழே இறங்கும். ஐந்து ஆறு மில்லிமீட்டர் இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் ஊரில் இருக்கும் ஏதாவது மேம்பாலத்தில் கடைசி கியரில் ஏறிப் பாருங்கள். சத்தம் இல்லையா? முடிந்தது. கூடவே 'எல்' என்று எழுதியிருக்கும் திருகையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழும், வளைவு நடுவில் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

சீட், டயர், பிரேக்

சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் உயரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் அதிக உயரம். டயர் வழவழப்பானதாக இருக்கட்டும், முரட்டுப் பட்டை டயர் தார் ரோட்டில் வீண் பாரம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளைத் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். ஷூவைப் பெடலோடு மாட்டுகிற வகை, முதல் மலைக்கு வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், இறங்கும்போது அதற்கு வேலை இருக்கிறது.

பழகுவதற்கு மலை இல்லையே என்பவர்களுக்கு: ஆடிக் காற்று இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் ஓட்டினால், விடாமல் ஒரே அழுத்தத்தில் மிதிக்கிற பழக்கம் தானாக வரும்.

எந்த மாதம், எத்தனை மணி

தையும் மாசியும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோட்டை அடைக்கிற மலை இது, அப்போது போகாதீர்கள். சித்திரையில் முந்தல் பக்கம் பாறை கொதிக்கும். இன்னொன்று, ரோடு ஏறுவது மலையின் கிழக்கு முகத்தில். காலை வெயில் நேராக அடிக்கும், மதியத்துக்கு மேல்தான் மலை நிழல் தரும். அதனால் விடியும்போதே போடியை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

விடிகாலையில் போனால் ஜீப்புகளோடு போக வேண்டும், அது ஒன்றுதான் தொந்தரவு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே தூக்குவாளியை மடியில் வைத்த பெண்கள், பின்னால் தொற்றிக்கொண்டு இரண்டு பேர், வளைவில் ஹாரன் அடித்தபடியே திரும்புவார்கள். "ஏண்ணே, தூக்கிப் போட்டுக்கவா?" என்று ஒரு டிரைவர் கேட்டால் ஜீப்பே சிரிக்கும். நீங்களும் சிரித்துவிட்டு ஓரத்தில் மிதியுங்கள். எட்டு மணிக்கு மேல் இந்தக் கூட்டம் அடங்கிவிடும். மாலையில் அதே ஜீப்புகள் அதே அவசரத்தில் இறங்கும், அதற்குள் நீங்கள் கீழே வந்திருப்பது நல்லது.

சாப்பாடு பற்றி ஒரு கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் தூக்க சுமார் 830 கிலோஜூல் வேலை. உடம்பு தின்பதில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும், ஆகவே செலவு ஏறத்தாழ 800 கலோரி. ஆறு இட்லி காலையில், ஏறும்போது அரை மணிக்கொரு முறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். பழத்தைப் பைக்குள் மூடி வையுங்கள், வளைவுகளில் குரங்குகள் இருக்கின்றன. இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் எலுமிச்சையும்.

மலையில்

முந்தல் வரை மூச்சு வாங்கவே கூடாது. அதற்குப் பிறகு, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் போங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். முதல் மூன்று வளைவு உற்சாகத்தில்தான் பலரும் மலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நேரம் பார்க்கிற செயலியை அணைத்துவிடுங்கள் என்பேன்.

வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் நுழைந்து அழுத்தத்தோடு மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். கொண்டை ஊசியின் உள்பக்கம் குறுகியது, அதனால் செங்குத்து. வெளிப்பக்கம் நீளம், அதனால் சாய்வு குறைவு. நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால் வலது திருப்பங்களில் தானாகவே நல்ல பக்கம் கிடைக்கும். இடது திருப்பத்தில்தான் உள்விளிம்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மேலும் கீழும் வண்டி இல்லை என்று உறுதியானால் மட்டும், விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் திரும்புங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். பஸ்ஸும் லாரியும் திரும்ப முழு ரோடும் வேண்டும் என்பது நிஜம். பெரிய வண்டி சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்று விடுங்கள்.

நின்றபின் கிளம்புவது பலருக்குச் சிரமம். சரிவில் நிற்காதீர்கள், வளைவைத் தாண்டியதும் ரோடு சற்றுத் தட்டையாகும் இடத்தில் நில்லுங்கள். கிளம்பும்போது பின்பிரேக்கைப் பிடித்தபடி வலது பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி நிலைக்குக் கொண்டுவந்து, ஒரே அழுத்தில் பிரேக்கை விட்டு மிதித்தால் சைக்கிள் தள்ளாடாது.

புலியூத்து அருவிப் பக்கம் நின்று கீழே பாருங்கள், வந்த ரோடு மடிந்து மடிந்து தெரியும்.

மேலே போனதும் வேர்வைச் சட்டையை உடனே மாற்றுங்கள். போடியைவிட ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும், தை மாதக் காற்று வேறு. டீ குடியுங்கள், நிறைய நேரம் உட்காராதீர்கள், தொடை பிடித்துக்கொள்ளும்.

இறங்குவது

ஏறும்போது சேர்த்த அந்த 830 கிலோஜூலும் இப்போது வெளியே போயாக வேண்டும். கொஞ்சம் காற்றில் போகும், மீதி உங்கள் பிரேக்கில் சூடாகும். மொத்தமும் பிரேக்கிலேயே போனால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற சூடு. ரிம் பிரேக்கைத் தேய்த்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். ஆகவே நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் பொத்துவிடும்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்தவர்கள் எழுதிக் கேட்ட பிறகு நான் சேர்த்தவை இவை. மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப் உள்ளவர்கள், பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் அதில் உட்காராது என்பதை மறக்காதீர்கள். பித்தளை அடாப்டர் ஒன்று சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். கைப்பம்பும் ஒரு மாற்று டியூபும் எப்படியும் வேண்டும்.

அப்படியே மூணாறு வரை போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். போடிமெட்டு–மூணாறு ரோட்டை அகலப்படுத்தி 2024-ல் திறந்தார்கள், நன்றாக இருக்கிறது. சுமார் 42 கிலோமீட்டர். ஆனால் பூப்பாறைக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், அது தனி நாள் வேலை. பூப்பாறை தாண்டி ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் யானை உலவும் இடம். அரிக்கொம்பன் என்ற யானையை 2023-ல் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், சக்கைக்கொம்பன் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. வெளிச்சம் நன்றாக வந்த பிறகே அந்தப் பகுதிக்குள் போங்கள், தேயிலைச் சரிவில் ஆட்கள் கூட்டமாக நின்று ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள்.