ஹாக்கி லீக்கில் ஒரு டீமோடு கடைசிவரை நிற்பது எப்படி? புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் ஒரே தெருவில் மஞ்சள் ஜெர்சியும் சிவப்பு ஜெர்சியும் நடமாடும். ஓசூர் பக்கம் போகப் போக பெங்களூரு ஆட்கள் அதிகம். ஊத்தங்கரை, மத்தூர் பக்கம் வந்தால் சென்னைதான். இந்த இரண்டு கூட்டத்துக்கும் காத்திருக்கத் தெரியும். சென்னை அணி 2016, 2017 என இரண்டு சீசன் தடையில் கிடந்தபோதும் மஞ்சள் ஜெர்சியை யாரும் தூக்கிப் போடவில்லை. பெங்களூரு 2008ல் ஆட ஆரம்பித்து 2025ல்தான் முதல் கோப்பையைத் தொட்டது. பதினெட்டாவது சீசன் வரைக்கும் அவர்கள் பொறுத்திருந்தார்கள்.

அதே ஆட்களிடம் ஹாக்கி என்று பேச்செடுத்தால் கதையே வேறு. ஒலிம்பிக்கில் வெண்கலம் வந்த அன்று எல்லார் ஸ்டேட்டஸிலும் மூவர்ணக்கொடி. மறுவாரம் கேப்டன் பெயரைக் கேட்டால் யோசிக்கிறார்கள். ஹாக்கி லீக் தொடங்கும்போது பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம், "அண்ணா, எந்த டீம் ஜெயிக்கும்னு சொல்லுங்க, அதுக்கே சப்போர்ட் பண்றேன்" என்றான். அவனை நான் திட்டவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: டீம்கள் காணாமல் போகும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. 2005ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது நமக்கு சென்னை வீரன்ஸ் இருந்தது. 2008க்குப் பிறகு அந்த லீக்கே இல்லை. 2012ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி என்று ஒன்று வந்தது. அதில் சென்னை சீட்டாஸ் ஆடியது, ஒரே ஒரு சீசன். 2013ல் ஹாக்கி இந்தியா லீக் பிறந்து 2017 வரை ஓடியது. அந்த ஐந்து சீசனிலும் தமிழ்நாட்டுக்கு டீமே கிடையாது. பிறகு நீண்ட இடைவெளி. 2024 டிசம்பர் 28ல் ரூர்கேலாவில் லீக் மறுபடி தொடங்கியபோதுதான் ஆண்கள் பிரிவில் எட்டு அணிகளில் ஒன்றாகத் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தது. பெண்களுக்கும் அந்த முறைதான் முதன்முதலில் லீக் நடந்தது. நான்கு அணிகள், அதில் நம் மாநிலம் இல்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ராஞ்சிக்காரர்களின் கதையைக் கேளுங்கள். 2013ல் முதல் கோப்பையையே ராஞ்சி ரைனோஸ் வென்றது. 2014 சீசனோடு அந்த டீம் கலைந்துவிட்டது. 2015ல் ராஞ்சி ரேஸ் என்று புது டீம் வந்தது, வந்த வருஷமே கோப்பையை அடித்தது. ரைனோஸுக்குத் தொண்டை கிழியக் கத்திய ஒருவர் ரேஸுக்கும் கத்தினால் அவரைப் பச்சோந்தி என்று சொல்ல முடியுமா? என்னால் முடியாது. டீம் அவரை விட்டுப் போனது, அவர் டீமை விட்டுப் போகவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

படி 2: தோற்றாலும் செல்லுபடியாகிற காரணத்துக்காக டீமைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு காகிதத்தில் "நான் இந்த டீமைப் பார்ப்பது ஏனென்றால்" என்று எழுதி வாக்கியத்தை முடியுங்கள். "நல்லா ஆடுறாங்க" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். நாலு ஆட்டம் தோற்றால் அந்தக் காரணம் செத்துவிடும். "எங்க மாநிலப் பேரு இருக்கு" என்பது போதுமான காரணம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது மட்டும் போதாத நாளும் வரும். 2024-25 சீசனில் ஆண்கள் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்தான் நடந்தன. தமிழ்நாட்டின் பெயரைச் சுமந்த டீம் தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே அரையிறுதிவரை போய்வந்தது. பெயரோடு ஒரு முகமும் இருந்தால்தான் பிடிப்பு நிற்கும்.

ஆகவே ஒரு வீரரைப் பிடியுங்கள். அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் டிராகன்ஸில் ஆடினார். 2022 ஆசியக் கோப்பையில் அவரும் கோவில்பட்டி மாரீஸ்வரனும் ஒன்றாக இந்திய அணிக்குள் வந்தபோது தமிழ்நாட்டு ஹாக்கி வட்டாரமே அதைப் பற்றித்தான் பேசியது.

நான் பிடித்தது அமித் ரோகிதாஸை. தடுப்பாட்டக்காரர், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். 2024 பாரீஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அவருடைய ஸ்டிக் எதிரணி வீரரின் முகத்தில் பட, இரண்டாவது குவார்ட்டரிலேயே சிவப்பு அட்டை. மீதியிருந்த நாற்பது நிமிஷத்துக்கும் மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் (சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொண்டு வெற்றியை முடிவு செய்வது) 4-2 என ஜெயித்தது. ஆனால் தடை காரணமாக அமித் அரையிறுதியில் ஆட முடியவில்லை. ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றோம். அந்த இரண்டு நாளும் எத்தனை பேர் அவரைக் குற்றம் சொன்னார்கள் தெரியுமா? அக்டோபரில் நடந்த ஏலத்தில் டிராகன்ஸ் அவரை 48 லட்சத்துக்கு எடுத்துக் கேப்டனாகவும் ஆக்கியது. நான் டிராகன்ஸ் பக்கம் முழுசாகச் சாய்ந்தது அன்றைக்குத்தான். ஒரு வீரரை அவருடைய கெட்ட நாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தால், பிறகு வரும் சாதாரணத் தோல்வி எதுவும் உங்களை அசைக்காது.

படி 3: ஆட்டம் முழுவதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள், பெனால்டி கார்னரை மட்டும் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் பாதியில் ஓடிப்போக முக்கியக் காரணம் தோல்வி இல்லை. பந்து எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் சலிப்பு. இதற்கு நான் சொல்லும் வழி பெனால்டி கார்னர். தடுக்கும் அணி தன் கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் தவறு செய்தால் பெரும்பாலும் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது.

நடுவர் கையைக் காட்டியதும் தடுக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். இந்தப் பக்கம், தாக்கும் அணியில் ஒருவர் கோல் போஸ்ட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைத்துக் குனிந்து நிற்பார். அவர் பந்தைத் தள்ளிவிடுவார், வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார், இன்னொருவர் அடிப்பார். முதல் அடி ஓங்கி அடிக்கிற அடியாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது. கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரம் அது. ஸ்டிக்கால் இழுத்துச் சுண்டினால் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. டிராக் ஃபிளிக்குக்கு இவ்வளவு மவுசு அதனால்தான்.

இப்போது பந்தை விட்டுவிடுங்கள். பந்து தள்ளப்பட்ட நொடியில் கோல் கோட்டிலிருந்து முகமூடியும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு ஒருவர் நேராக அடிப்பவரை நோக்கிப் பாய்வார் பாருங்கள். அவர்தான் ஃபர்ஸ்ட் ரஷர். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தின் பாதைக்குள் தெரிந்தே தன் உடம்பைக் கொண்டுபோகிறார். தொடையிலோ கையிலோ பட்டுக் கீழே உருளுவார், எழுந்து மறுபடி கோட்டுக்குப் போவார். அமித் ரோகிதாஸ் இந்த வேலைக்குப் பேர்போனவர். ஒரு ஆட்டத்தில் அந்த ஓட்டத்தை நாலு முறை பார்த்துவிட்டால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அடுத்த ஆட்டத்துக்கு நீங்களாகவே வந்து உட்காருவீர்கள்.

தலா 15 நிமிஷமாக நாலு குவார்ட்டர். பச்சை அட்டைக்கு 2 நிமிஷம், மஞ்சளுக்கு 5 அல்லது அதற்கு மேல் வெளியே உட்கார வேண்டும். ஆரம்பத்துக்கு இந்த விதிகள் போதும்.

படி 4: தோற்கிற நாளுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்

கடைசி மணி அடிக்கும்வரை டிவியை அணைக்கக் கூடாது. இது ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 2023 ஆகஸ்ட் 12, எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் மலேசியா 3-1 என முன்னிலை. எழுந்து போனவர்கள் 4-3 என இந்தியா கோப்பை வாங்கியதைப் பார்க்கவில்லை. 2025 டிசம்பரில் அதே சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்திலும் இப்படித்தான். அர்ஜென்டினாவிடம் 2-0 எனப் பின்தங்கியிருந்த நம் பையன்கள் கடைசிக் குவார்ட்டரில் நாலு கோல் போட்டார்கள்.

திரும்பி வராத தோல்விகளும் உண்டு, அவைதான் அதிகம். அன்றைக்குச் செய்ய வேண்டியது: ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். ஸ்கோர் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். யார் நன்றாக ஆடினார் என்று எழுதுங்கள். தோற்ற டீமிலும் ஒருவர் நன்றாக ஆடியிருப்பார். பிறகு புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். 2024-25 சீசனில் நேரடி வெற்றிக்கு 3 புள்ளி, ஷூட் அவுட் வெற்றிக்கு 2, ஷூட் அவுட்டில் தோற்றாலும் 1. சில தோல்விகளில் கையில் ஏதோ மிஞ்சியிருக்கும். வீரர்களின் சமூக வலைதளப் பக்கத்தில் போய்த் திட்டி எழுதுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

நம்ம ஊர் மாமரங்களில் பல ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நன்றாகக் காய்க்கும். காய்ப்பு குறைந்த வருஷம் மரத்தை வெட்டுகிறவரை சந்தூர் பக்கம் நான் பார்த்ததில்லை. இந்திய ஹாக்கியும் 2008ல் பீஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை, 2012 லண்டனில் கடைசி இடம். 1980 மாஸ்கோவில் நம்ம பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதற்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 2021 ஆயிற்று. அந்த நாற்பத்தொரு வருஷமும் மைதானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். ஆட்டம் உயிரோடு இருப்பது அவர்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 5: வீரர் வேறு டீமுக்குப் போனால், டீமே கலைந்தால்

ஏலம் என்று வந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள் வீரர் வேறு டீமுக்குப் போனால் அவர் ஆடும் ஆட்டத்தையும் பாருங்கள், உங்கள் டீம் ஆட்டத்தையும் பாருங்கள். இரண்டும் மோதும் நாளில் டீம் பக்கம் நில்லுங்கள், அவர் கோல் போட்டால் கைதட்டுங்கள். இதில் துரோகம் ஒன்றுமில்லை. டீமே கலைந்தால், ராஞ்சிக்காரர்கள் செய்ததைச் செய்யுங்கள். புது லீக்கிலும் ஒரு சீசன் முடிந்ததும் யுபி ருத்ராஸ் விலகிவிட்டது. லக்னோவில் அந்த ஜெர்சியை வாங்கி மாட்டிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு கேள்வி போதும்: நான் விலகியது தோற்றதாலா, இல்லை பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததாலா? முதல் பதில் என்றால் மறுபடி இரண்டாம் படிக்குப் போங்கள்.

ஜெயிக்கும்போது மட்டும் வருகிறவர்களை விரட்டாதீர்கள். கிரிக்கெட்டில் கூட்டம் நிரம்பி வழிகிறது, அங்கே விரட்டினாலும் நஷ்டமில்லை. ஹாக்கியில் காலி நாற்காலி இன்னும் நிறைய. வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஃபர்ஸ்ட் ரஷரைக் காட்டுங்கள்.

படி 6: சீசன் இல்லாத மாதங்களில்

லீக் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மீதி மாதங்களில் முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளில் ஹாக்கியும் உண்டு, போய்ப் பாருங்கள். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டியும் சென்னையில் எம்சிசி முருகப்பா தங்கக் கோப்பையும் பழம்பெருமை வாய்ந்தவை. லீக்கில் பார்த்த முகங்கள் அங்கே ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், ராணுவ அணிகளின் ஜெர்சியில் வருவார்கள்.

2026 ஜனவரியில் லீக்கின் முதல் கட்ட ஆட்டங்கள் சென்னைக்கே வந்துவிட்டன. அடுத்த அட்டவணை வந்ததும் சென்னை ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிருஷ்ணகிரி டவுனில் ரயில் இல்லை என்பதால் வேலூர் வழியாக பஸ், இல்லாவிட்டால் ஜோலார்பேட்டை போய் ரயில். தருமபுரிக்காரர்களுக்கு மொரப்பூர் வசதி. மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். உள்ளே போனதும் நடுக்கோட்டுக்கு எதிரே இடம் தேடாதீர்கள். டிராகன்ஸ் எந்தப் பக்கக் கோலைக் காக்கிறது என்று பார்த்து, அந்தக் கோலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். பெனால்டி கார்னரின்போது முதல் ஆள் பாய்வது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். பாதி நேரத்துக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், நீங்களும் இடம் மாறிக்கொள்ளுங்கள்.