சேலத்துக் கோயில்களை ஆய்வுக்கு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றையும் கலை வரலாற்றையும் சேர்த்து முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு எடுப்பது நல்ல விஷயம். ஆனால் பல ஆய்வேடுகளில் இரண்டாவது இயலில் அந்தப் பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான கெட்டி முதலியார்களின் அரசியல், ஐந்தாவது இயலில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்கள் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன, ஒன்று மற்றொன்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதைப் பல்துறை ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் தவறே இதுதான்: இரண்டு துறைக்கும் பொதுவான ஒரு கேள்வி இல்லாமல் தொடங்குவது. தாரமங்கலத்தில் ராமர் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டையிடுவது தெரியும், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமர் தெரியமாட்டார். எல்லோரும் இதை அதிசயம் என்று எழுதிவிட்டு அடுத்த சிற்பத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த மண்டபத்தின் தூண்களை எங்கெங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தபோதே சிற்பியும் உடன் இருந்தாரா, அதற்குப் பொருள் கொடுத்தது யார், அதே கைவேலை சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே தெரிகிறது? இதற்குப் பதில் தேட கல்வெட்டும் வேண்டும், உளி வேலையை உற்றுப் பார்க்கிற கண்ணும் வேண்டும்.

அடுத்தது காலக்கணக்கு. கல்வெட்டில் 'விரோதி' என்று ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது 1589 ஆகவும் இருக்கலாம், 1649 ஆகவும் இருக்கலாம், 60 ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்ப வரும். சக ஆண்டு இருந்தால் 78 கூட்டிக் கி.பி. ஆண்டைக் கண்டுகொள்ளலாம், இல்லாவிட்டால் எழுத்தமைதியையும் (எழுத்துகளின் வடிவம்) அரசர் பெயரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சரி, கல்வெட்டின் காலம் தெரிந்துவிட்டது, அதனாலேயே பக்கத்துத் தூணில் உள்ள சிற்பமும் அதே ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள், திருப்பணியில் கற்கள் இடம் மாறுவது சாதாரணம்.

பழைய ஆவணத்தில் 'சேலம் மாவட்டம்' என்று பார்த்ததும் இன்றைய எல்லையை நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. 1965-இல் தருமபுரி பிரியும்வரை ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே சேலத்துக்குள்தான், நாமக்கல் 1997-இல்தான் பிரிந்தது. இதைக் கவனிக்காமல் நடுகற்களின் பட்டியல் போட்டால் எண்ணிக்கையே தப்பாகிவிடும்.

அப்புறம் கல். எந்தச் சிலையானாலும் 'கருங்கல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையே பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற, கிரானைட்டைப் போலத் தோன்றும் கடினமான பாறை. சிலையின் கல் உள்ளூர்க் கல்லா, வெளியிலிருந்து வந்ததா என்பது சிற்பிகளின் நடமாட்டத்தையே சொல்லக்கூடிய செய்தி, நிலவியல் துறையில் ஒருவரைக் கேட்டால் வழி கிடைக்கும். இந்த மலையின் புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டே நிலவியலாளர்தான், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, ஆகவே ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர் எழும்பூருக்கும் போக வேண்டியிருக்கும்.

இணை நெறியாளரை வேறு துறையிலிருந்து எடுப்பதானால் ஆய்வுத் திட்டம் எழுதும்போதே எடுங்கள். ஆய்வேடு முடிகிற நேரத்தில் அவரிடம் நீட்டினால் அவரால் எழுத்துப்பிழைதான் பார்க்க முடியும்.