மொனிட்டர் இல்லாத லினக்ஸ் சேர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில், கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்கோ திருநெல்வேலியில் ஒரு ரியூசன் நிலையத்துக்கோ பழைய கொம்பியூட்டர் ஒன்றில் உபுண்டு சேர்வரைப் போட்டு, மொனிட்டரையும் கீபோர்டையும் கழற்றி, மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறீர்கள் என்று வையுங்கள். இனி அந்தப் பெட்டிக்குள் போக, தூரத்திலிருந்து கட்டளை அடிக்க விடுகிற எஸ்எஸ்எச் ஒன்றுதான் வழி. அதை நீங்களே அடைத்துவிட்டால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பஸ்ஸில் வரவேண்டும், இல்லாவிட்டால் அங்கே நிற்கிற பெடியனுக்குப் போன் எடுத்து "தம்பி, அந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிப் போடும்" என்று சொல்லிவிட்டு நல்லூரானுக்கு நேர்த்தி வைக்கவேண்டும்.

அடைக்கிற முதல் ஆள், எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிற ஃபயர்வோல். எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுக்காமல் யூஎஃப்டபிள்யூவை (உபுண்டுவின் ஃபயர்வோல் கருவி) எனேபிள் செய்வது. அது எச்சரிக்கும், நாங்கள் வாசிக்காமல் 'வை' அடிப்போம். இதில் கெட்ட விஷயம், ஏற்கெனவே திறந்திருக்கிற இணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை; எல்லாம் சரி என்று நினைத்து வெளியே வருவீர்கள், அடுத்தமுறைதான் கதவு பூட்டியிருப்பது தெரியும். எஸ்எஸ்எச்சின் போர்ட்டை (இணைப்பு வருகிற வாசல் எண்ணை) 22 இலிருந்து மாற்றிவிட்டு ஃபயர்வோலில் 22ஐ மட்டும் திறந்து வைப்பதும் இதே கதைதான். ஃபயர்வோலைத் தொடமுதல் டீமக்ஸில் (இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓடவிடுகிற கருவி), ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக), 600 செக்கன் கழித்து யூஎஃப்டபிள்யூவை நிறுத்தும்படி ஒரு ஸ்லீப் கட்டளையை ஓடவிடுங்கள். வேறொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பார்த்த பிறகு அதை நிறுத்தினால் போதும்.

எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போதும் பழைய ஜன்னலை மூடவேண்டாம். எஸ்எஸ்எச்டியை (சேர்வர் பக்கத்து எஸ்எஸ்எச் புரோகிராம்) சின்ன 'டி' உடன் ஓடவிட்டால் எழுத்துப் பிழையைச் சொல்லும், பெரிய 'டி' உடன் ஓடவிட்டால் உண்மையில் எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது ஏன் முக்கியம் என்றால், பாஸ்வேர்ட் உள்நுழைவை நிறுத்திவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்க, முதல் அமைப்புகளைத் தானாகப் போடுகிற கிளவுட்-இனிட் தன் துணைக் கோப்பில் அதற்கு 'யெஸ்' என்று எழுதி வைத்திருக்கும்; உபுண்டுவில் துணைக் கோப்புகள்தான் முதலில் வாசிக்கப்படும், முதலில் வாசித்ததே நிற்கும். உபுண்டு 24.04இல் போர்ட்டை மாற்றினால் எஸ்எஸ்எச் சேவையை மட்டும் மீளத் தொடங்குவது காணாது, டீமன்-ரீலோட் (அமைப்புகளை மறுபடி வாசிக்கச் சொல்வது) செய்து, போர்ட்டில் காத்திருக்கிற எஸ்எஸ்எச் சொக்கெட்டையும் மீளத் தொடங்கவேண்டும்.

அடுத்தது எஃப்எஸ்டேப், தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று எழுதி வைக்கிற கோப்பு. பேக்கப்புக்கு ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைப் பூட்டி அதில் ஒரு வரி எழுதுவீர்கள், ஆறு மாதம் ஒன்றும் நடக்காது, ஒருநாள் யாரோ அந்த டிஸ்க்கைக் கழற்றியிருக்க கரண்ட் போய் வரும். சேர்வரைத் தொடக்கி வைக்கிற சிஸ்டம்டி 90 செக்கன் பார்த்துவிட்டு எமெர்ஜென்சி மோடில் போய் நின்று, இல்லாத கீபோர்டில் யாராவது என்டர் அழுத்துவார்களா என்று காத்திருக்கும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தால் தீர்ந்தது. டிஸ்க்கை எஸ்டிபி என்ற பெயரால் அல்லாமல் யூயூஐடியால் (அதற்கே உரிய அடையாள எண்ணால்) குறியுங்கள், ஏனென்றால் அந்தப் பெயர் மாறக்கூடியது.

கரண்ட் என்றதும் இன்னொன்று. கரண்ட் திரும்பினால் தானாக எழும்பும்படி பயோஸில் ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போடாமல் மொனிட்டரைக் கழற்றவே கூடாது. பழைய லப்டொப்பை சேர்வராக்கினால் பேட்டரி யூபிஎஸ் வேலையைப் பார்க்கும், ஆனால் லொகின்டி (மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கிற சேவை) அமைப்பில் மூடி மூடினால் 'இக்னோர்' என்று போடாவிட்டால் மூடியவுடன் தூங்கிவிடும். எங்கள் வெயிலில் எந்நேரமும் சார்ஜில் கிடக்கிற பேட்டரி ஊதவும் கூடும், வீட்டுக்கு வரும்போது ஒருக்கா எட்டிப் பாருங்கள்.

சேர்வரின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் இரவு 2 மணிக்கு என்று குரோனில் (குறித்த நேரத்தில் வேலையை ஓடவிடுவது) போட்ட பேக்கப் இங்கே காலை 7.30க்கு, ரியூசன் பிள்ளைகள் வந்து குவிகிற நேரத்தில் ஓடும். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஏசியா/கொழும்பு என்று மாற்றி, குரோனையும் மீளத் தொடங்கினால் சரி.

கோப்பை எல்லாரும் வாசிக்க, எழுத, ஓட்ட விடுகிற 777 பெர்மிஷன் பற்றிச் சொல்லத் தேவையில்லை, செய்யாதீர்கள்.

டிஸ்க் நிறைவது மெதுவாக வருகிற தொல்லை. இடத்தைக் காட்டுகிற டிஎஃப் கட்டளை 100 வீதம் காட்டும், பெரிய லொக் (பதிவுக் கோப்பு) ஒன்றை ஆர்எம் போட்டு அழிப்பீர்கள், பிறகும் 100தான். அந்தக் கோப்பை ஏதோ ஒரு சேவை இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். திறந்திருக்கிற கோப்புகளைப் பட்டியலிடுகிற எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் 'டிலீட்டட்' என்று வருவதைத் தேடி, அந்தச் சேவையை மட்டும் மீளத் தொடங்குங்கள், இடம் வந்துவிடும். சேர்வரையே ரீபூட் செய்யத் தேவையில்லை, அதுவும் எஃப்எஸ்டேப்பைச் சரிபார்க்காமல்.