சேனல் எண்ணை நம்பி ஆன்டெனா வாங்காதீர்கள்

ஆன்டெனா வைத்து டிவி பார்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது சேனல் எண்ணில்தான். திரையில் 7 என்று தெரிந்தால், அது விஎச்எஃப் (டிவிக்கான குறைந்த அதிர்வெண் பகுதி) என்று முடிவுகட்டி அதற்கான பெரிய ஆன்டெனாவை மாட்டிவிடுகிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் டிஜிட்டலுக்கு மாறியபோது பல நிலையங்கள் யுஎச்எஃப்-க்கு (அதைவிட அதிக அதிர்வெண் பகுதி) போய்விட்டன. நேயர்களுக்குப் பழகிய எண்ணைத் திரையில் மட்டும் விட்டுவைத்தன. ஒளிபரப்பு நடக்கும் எண் வேறு. அந்த எண் குறிக்கும் அதிர்வெண்ணும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. யுஎச்எஃப் சேனல் 30 அமெரிக்காவில் 566 முதல் 572 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பாவில் 542 முதல் 550 வரை. ஆகவே எண்ணை விட்டுவிட்டு மெகாஹெர்ட்ஸை, அதாவது அதிர்வெண்ணைக் கேளுங்கள்.

டிஜிட்டல் என்றாலே யுஎச்எஃப்தான் என்று நினைப்பதும் தப்பு. 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள விஎச்எஃப் பகுதியிலும் பல இடங்களில் டிஜிட்டல் ஒளிபரப்பு உண்டு. ஆன்டெனாவின் அளவு அலையின் நீளத்தைப் பொறுத்தது: 200 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 75 சென்டிமீட்டர். 546-இல் சுமார் 27 சென்டிமீட்டர்தான். யுஎச்எஃப்-க்கென்று செய்த குட்டி ஆன்டெனா விஎச்எஃப்-இல் தடுமாறுவது இதனால்தான். அட்டையில் 'ஹெச்டி' என்று அச்சடித்திருப்பது விற்பனைப் பேச்சு, அவ்வளவுதான். ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அதிர்வெண் மட்டுமே.

அப்புறம் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் கருவி. படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். நீளமான கேபிளில் சிக்னல் தேய்வதை ஈடுகட்டத்தான் அது. அதனால் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால், கேபிளில் தொலைந்தது தொலைந்ததுதான். ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம்: பூஸ்டர் திணறி, நன்றாக வந்துகொண்டிருந்த சேனலும் போய்விடும்.

இதில் செல்போனுக்கும் பங்குண்டு. ஐரோப்பாவில் முன்பு டிவிக்கு 862 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருந்தது. இப்போது 694-க்கு மேலுள்ளது மொபைல் சேவைக்குப் போய்விட்டது. பழைய பூஸ்டருக்கு இந்த மாற்றம் தெரியாது, பக்கத்து மொபைல் கோபுரத்தின் அலையையும் வாங்கிப் பெரிதாக்கும். அங்கே இன்னொரு பூஸ்டர் உதவாது. 694-க்கு மேல் வருவதை வெட்டும் ஃபில்டர் ஒன்றை பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் பயனில்லை.