மலையகத்தின் அமைதியான வீதிகளில் சைக்கிள் பயணம்: கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கு

கொழும்பிலிருந்து மலையகத்துக்குச் சைக்கிள் பயணம் திட்டமிடுவோர் பலரும் முதலில் தூரத்தையே கணக்கிடுகிறார்கள். மலையில் தூரம் இரண்டாம்பட்சம். பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் ஏ5 வீதியும், அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஊடாக ஏறும் ஏ7 வீதியும், இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஹப்புத்தளைப் பக்கம் போகும் ஏ4 வீதியும் வரைபடத்தில் நேர்வழிகளாகத் தெரிந்தாலும், பஸ்களும் லொறிகளும் சுற்றுலா வான்களும் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் அவற்றின் வளைவுகளில் சைக்கிளுக்கு மிஞ்சுவது வடிகானை ஒட்டிய ஒரு முழ அகலம் மட்டுமே. அமைதியான பாதை வேண்டுமென்றால், வரைபடத்தில் ஊர்களைத் தேடுவதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தேடுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்து வாடிக் கெடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் தோட்டப் பிரிவுகளான எல்லா டிவிஷன்களையும் தொழிற்சாலையோடு இணைக்கும் பாதைகள் வெட்டப்பட்டன. பாரம் ஏற்றிய வண்டி ஏறி இறங்க வேண்டியிருந்ததால், இவற்றில் பல, மலையின் இடுப்பைச் சுற்றி, உயரம் அதிகம் மாறாமல் செல்கின்றன. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் அந்தக் கோடுகளை வெட்டாமல் அவற்றுக்கு இணையாக ஓடும் வீதியே நீங்கள் தேடும் வீதி. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடத் தாள்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தோடு ஒப்பிட்டு, இரு தோட்டங்களுக்கு இடையே பாதை உண்மையில் இணைகிறதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தோட்டப் பாதைகள் பல, கடைசி லயன் குடியிருப்போடு முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் வரைபடம் காட்டும் மெல்லிய கோடு கொழுந்து பறிப்போர் ஏறிச் செல்லும் படிக்கட்டாகவே இருக்கக்கூடும்.

சாய்வைக் கணக்கிடுவது எளிது. 10 கிலோமீற்றரில் 500 மீற்றர் ஏறினால் அது 5 வீதச் சாய்வு. பொதியேற்றிய சைக்கிளில் நிதானமாக ஏறலாம். அதே தூரத்தில் 900 மீற்றர் என்றால் பழகியவருக்கும் மூச்சு வாங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, மலைநாட்டு ரயில் பாதையின் மிகக் கடுமையான பொதுச் சாய்வு 44க்கு 1, அதாவது 2.3 வீதத்துக்கும் குறைவு. முதன்முறை செல்பவருக்கு நாளொன்றுக்கு 40 கிலோமீற்றரும் மொத்தம் 800 மீற்றர் ஏற்றமும் போதும் என்பது என் கருத்து. கொழும்பின் சமதரையில் மட்டும் ஓட்டிப் பழகிய கால்களுக்கு முன்பயிற்சியாக, ஹங்வெல்லைக்கு அப்பால் லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள மேடுபள்ளமான வீதிகள் நன்கு பயன்படும்.

அடுத்து பருவம். மலையகம் முழுவதற்கும் பொதுவான நல்ல மாதம் என்று ஒன்று கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது, மலையின் மறுபுறத்தில் ஊவா காய்ந்து, காற்று பலமாக வீசும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி பதுளை, பசறை, மடுல்சீமைச் சரிவுகளில் மழையைக் கொட்டும். எனவே ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவையும், ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ஊவாவையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் போகவே வேண்டாம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்களை மூடிய மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் ஏற்படுத்திய பேரழிவும் இந்த மாதங்களில் நிகழ்ந்தவையே. அந்தப் புயலில் வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தன. ஆகவே பழைய பயணக் குறிப்பு எதையும் அப்படியே நம்பாமல், நீங்கள் போகவிருக்கும் வீதி திறந்திருக்கிறதா என்பதை அந்த ஊரிலுள்ள ஒருவரிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கை நடைமுறையிலிருக்கும் பிரதேசத்துக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதீர்கள்.

விடுமுறைகளையும் கவனிக்க வேண்டும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டத்தில் நிறைந்திருக்கும். டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை நடப்பதால், வார இறுதிகளிலும் போயா தினங்களிலும் ஹட்டன்–நல்லதண்ணி வீதி வாகனங்களால் நெருக்கும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய நாட்களில் கொழும்பில் வேலை செய்யும் நம்மவர்கள் ஊர் திரும்புவதால், ரயிலில் சைக்கிளுக்கு மட்டுமல்ல, ஆளுக்கே இடம் கிடைப்பது அரிது.

முதற்பயணத்துக்கு ஹப்புத்தளையைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின் மேல் அமைந்த இந்த ஊரில் ஒரே இடத்தில் தங்கி, பொதியில்லாத சைக்கிளில் நாளுக்கொரு திசையில் போய்வரலாம். ஊரிலிருந்து தம்பேத்தனைத் தொழிற்சாலை வரையான சுமார் 10 கிலோமீற்றர் வீதி, மேலே சொன்ன தோட்டப் பாதைக்குச் சிறந்த உதாரணம்: ஒருபுறம் தேயிலை, மறுபுறம் தென்சமவெளி வரை இறங்கும் பள்ளம், நடுவே அதிகம் ஏறாமலும் இறங்காமலும் வளைந்து செல்லும் வழி. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சிமுனை வரை இன்னும் ஏழு கிலோமீற்றர். இந்தப் பகுதி கடுமையான ஏற்றம். தள்ளிக்கொண்டு நடப்பதில் குறைவொன்றுமில்லை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு முகில் மேலேறிக் காட்சியை மூடிவிடுவது வழக்கம் என்பதால், விடியும்போதே புறப்படுங்கள். மறுநாள் பொரலந்தை வழியாக வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கிடையே இறங்கலாம். இறங்கிய உயரம் முழுவதையும் திரும்பும்போது ஏற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

அனுபவம் கூடியபின், கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏ5 வீதியைத் தவிர்த்து, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, ரிகில்லகஸ்கடை, வலப்பனை, ராகலை, கந்தப்பளை வழியாகச் செல்லுங்கள். என் பார்வையில் மலையகத்தின் மிகச் சிறந்த நீண்ட பாதை இதுவே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்த லூல்கந்துர இந்த வழியை ஒட்டியே உள்ளது. கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர் என்ற இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்து ஏற்றத்தை மதிப்பிட வேண்டாம். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி மீண்டும் ஏற வேண்டியிருப்பதால், மொத்த ஏற்றம் அந்த வித்தியாசத்தைவிட மிக அதிகம். மூன்று நாட்களாகப் பிரித்து, இரவு தங்குமிடங்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரையான பள்ளத்தாக்கு ஒரு நாளுக்கு ஏற்றது. பசறையிலிருந்து மடுல்சீமை ஏற்றம் பழகியவர்களுக்கு மட்டும். ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெக்கோ நடைப்பாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அது நடப்போருக்கானது, ஆனாலும் அதில் தோட்ட வீதிகளாக உள்ள பகுதிகளைச் சைக்கிளுக்கும் பயன்படுத்தலாம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, விலையைவிடக் கியரும் பிரேக்குமே முக்கியம். மிகக் குறைந்த கியரில், முன் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை பின் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைவிடக் கூடாமலிருக்க வேண்டும். முன்னே 34, பின்னே 34 என்பது குறைந்தபட்சத் தேவை. கல் பதித்த பாதைகளுக்கு 35 மில்லிமீற்றருக்குக் குறையாத டயர் வேண்டும். பிரேக் கட்டைகளைப் புறப்படுமுன் புதிதாக மாற்றி, ஒரு சோடியை மேலதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். புறக்கோட்டை டாம் வீதியில் கிடைப்பது மலையில் கிடைக்காமல் போகலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில், முன்பின் பிரேக்குகளை மாறிமாறி அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு வளையுங்கள். பிற்பகலில் பனிமூட்டம் திடீரென இறங்கும் என்பதால், இரண்டு விளக்குகளும் பகலிலேயே எரியட்டும்.

தோட்டப் பாதை அங்கு வாழும் மக்களின் முற்றமும் வேலைத்தலமும் என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைவில் வைத்திருங்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போவோரும் பாடசாலைப் பிள்ளைகளும் வீதி நிறைய நடப்பார்கள். அவர்களிடையே மெதுவாகவே செல்ல வேண்டும். கொழுந்து நிறுத்து முடிந்தபின் லொறிகள் விரைந்து வரும்; அவற்றுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் வணக்கம் சொல்லி அனுமதி கேட்டுச் செல்லுங்கள். அனுமதியின்றி எவரையும், எந்த வீட்டையும் படமெடுக்காதீர்கள். வழி கேட்கும்போது, "இந்தப் பாதையில் போகலாமா?" என்று கேட்டால், "போகலாம்" என்றே பதில் வரும், நடந்து பழகியவர்களுக்குச் செங்குத்தான குறுக்குப் பாதையும் பாதைதான். "இதில் ஓட்டோ போகுமா?" என்று கேளுங்கள், போகும் என்றால் உங்கள் சைக்கிளும் போகும். குளவிக் கூடு இருப்பதாக எவராவது எச்சரித்தால், மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள். மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மேலே தேயிலைக்கு மருந்தடித்திருக்கக்கூடும் என்பதால் முகம் கழுவ மட்டுமே பயன்படுத்துங்கள். குடிப்பதற்குக் கடையிலோ வீட்டிலோ கொதித்தாறிய நீர் கேட்டு வாங்குங்கள்.

கொழும்பிலிருந்து மலையடிவாரம் வரை ஓட்டிச் சென்று களைப்பதில் பயனில்லை. கோட்டை நிலையத்தில் சைக்கிளைப் பொதியாகப் பதிவுசெய்து ரயிலில் அனுப்பலாம். பொதிப் பெட்டி எல்லா ரயில்களிலும் இருப்பதில்லை என்பதால், எந்த ரயிலில் ஏற்றுவார்கள், அது எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதை முதல் நாளே நிலையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அம்புலன்ஸ் சேவையான 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதிப் பையில் வைத்திருங்கள். பள்ளத்தாக்குகளில் தொலைபேசித் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும், அப்போது அருகிலுள்ள தோட்ட அலுவலகத்துக்கோ தொழிற்சாலைக்கோ சென்று உதவி கேட்க வேண்டும்.