இ.கோலையில் மனித வளர்ச்சி ஹார்மோன்: புதுச்சேரி, கடலூர் ஆய்வகங்களுக்கான செய்முறை

புராஜெக்ட் மாணவர்கள் பலர் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தடித்த பட்டை தெரிந்த அன்றே வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. மனிதப் புரதத்தை இ.கோலை பாக்டீரியா ஏராளமாகச் செய்து தரும், ஆனால் சரியாக மடித்துத் தராது. மடிக்க வேண்டியது நாம்தான்.

பழகுவதற்கு வளர்ச்சி ஹார்மோன் நல்ல தேர்வு. 191 அமினோ அமிலம், இரண்டு டைசல்பைடு (கந்தக) பிணைப்பு, சர்க்கரை ஒட்டு இல்லை. எரித்ரோபொய்ட்டினுக்குச் சர்க்கரை கட்டாயம் என்பதால் அதை சைனீஸ் ஹாம்ஸ்டர் செல்லில்தான் எடுக்கிறார்கள். இ.கோலையில் முயல வேண்டாம். 1985 வரை வளர்ச்சி ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். அதன் வழியாக க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் மூளை நோய் பரவியது தெரிந்ததும் அது நின்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் மறுசேர்க்கை (மரபணுவைச் செருகிய பாக்டீரியா செய்த) ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது.

எதையும் வாங்கும் முன் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்புதல் பெறுங்கள்.

மரபணுவும் செல்லும்

குரோமோசோம் டிஎன்ஏ உதவாது, அதில் இன்ட்ரான் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி) இருக்கும். சி-டிஎன்ஏ (இன்ட்ரான் நீங்கிய பிரதி) வரிசையை எடுத்து, முன்னால் உள்ள 26 அமினோ அமில சிக்னல் பகுதியை வெட்டிவிடுங்கள். ஆர்ஜினினுக்கான ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. கோடான்கள் (மூன்றெழுத்துக் குறியீடுகள்) இ.கோலையில் அரிது, மாற்றி எழுதச் சொல்லுங்கள். என்.டி.இ.1, எக்ஸ்.எச்.ஓ.1 வெட்டு நொதிகளின் முனைகளோடு பெட்-28ஏ பிளாஸ்மிடில் (வட்ட டிஎன்ஏ) செருகச் சொல்லி செயற்கை மரபணுவாக ஆர்டர் செய்யலாம். அந்த இரு வெட்டுமிடங்களும் மரபணுவுக்குள்ளேயே இல்லை என்று முதலில் பாருங்கள். புரதம் முடியுமிடத்தைக் குறிக்கும் ஸ்டாப் கோடானையும் மறக்க வேண்டாம்.

உலர்ந்த டிஎன்ஏ வெயிலில் வந்தாலும் கெடாது. உலர்பனியில் வரும் காம்பிடென்ட் செல் (டிஎன்ஏவை ஏற்கத் தயாரான பாக்டீரியா) கெடும். அது சனிக்கிழமை கூரியர் ஆபீசில் சிக்காதபடி வாரத் தொடக்கத்தில் வரவழையுங்கள்.

50 மைக்ரோ லிட்டர் பி.எல்.21 (டி.இ.3) செல்லில் 1 மைக்ரோ லிட்டர் பிளாஸ்மிட். ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மீண்டும் ஐஸில் 2 நிமிடம், பிறகு ஊடகம் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம். மில்லி லிட்டருக்கு 50 மைக்ரோ கிராம் கனமைசின் கலந்த தட்டில் பரப்புங்கள். டி.எச்.5-ஆல்ஃபா என்ற இ.கோலை வகையில் போட்டால் காலனி வரும், புரதம் வராது. மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் அதில் கிடையாது. ஐஸ் இயந்திரம் பழுதானால் கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கத்து பார் ஐஸை உடைத்துப் பயன்படுத்தலாம், குழாய் மூடி இறுக்கமாக இருந்தால் போதும்.

கிளிசரால் ஸ்டாக்கை (உறைய வைத்த செல்) இரண்டு ஃப்ரீசர்களில் பிரித்து வையுங்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த கரை இது. மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்மிடை வடிதாளில் சொட்டி உலர்த்தி உறையில் வைப்பது செலவில்லாத காப்பீடு.

வளர்த்தல்

இரவு வளர்த்த 2 மி.லி.யை 200 மி.லி. எல்.பி. ஊடகத்தில் விடுங்கள். ஃபிளாஸ்க் 1 லிட்டர் இருக்கட்டும், நிரப்பினால் காற்று போதாது. 37 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுழற்சி. ஓ.டி. (கலங்கல் அளவு) 0.6 வந்ததும் 1 மி.லி. மாதிரியைத் தனியே எடுத்துவிட்டு, மரபணுவை முடுக்கிவிட 1 மோலார் ஐ.பி.டி.ஜி. 200 மைக்ரோ லிட்டர் சேருங்கள். நான்கு மணி நேரம் கழித்துச் செல்லைச் சுழற்றி எடுத்து, 15% ஜெல்லில் முன்-பின் மாதிரிகளை ஓட்டுங்கள். ஹிஸ் டேக்கோடு (நிக்கலில் ஒட்ட பிளாஸ்மிட் சேர்க்கும் வால்) சேர்த்துப் பட்டை 24 கிலோ டால்டன் அருகே வரும்.

உடைத்தல், கரைத்தல்

டிரிஸ் 50, இ.டி.டி.ஏ. 5, பி.எம்.எஸ்.எஃப். 1 மில்லி மோலார் கரைசலில் செல்லை ஐஸ் மேல் சோனிகேட் செய்யுங்கள்: 10 விநாடி ஓட்டம், 20 விநாடி ஓய்வு. ஹார்மோன் இன்க்ளூஷன் பாடியாக (மடியாத புரதத் திரளாக) அடியில் தங்கும். 1% டிரைட்டான் டிடர்ஜென்டில் இருமுறை, பிறகு இ.டி.டி.ஏ. இல்லாத டிரிஸில் இருமுறை கழுவுங்கள். இ.டி.டி.ஏ. மிஞ்சினால் பின்னால் சுத்திகரிப்புப் பத்தியின் நிக்கலை உருவிவிடும்.

வழக்கமான 8 மோலார் யூரியா புரதத்தை முழுக்கப் பிரித்துவிடும், திரும்ப மடிக்கும்போது பெரும்பகுதி திரளும். இந்த ஹார்மோனுக்கு தில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தார் 2000-இல் வெளியிட்ட வழி மென்மையானது: 100 மில்லி மோலார் டிரிஸ், 2 மோலார் யூரியா, பி.எச். 12.5. பெல்லட்டுக்கு (அடியில் தங்கியதற்கு) 10 மி.லி. போதும். ஐஸில் அரை மணிக்குள் முடியுங்கள், அந்தக் காரத்தில் அதிக நேரம் விட்டால் புரதமே சிதையும்.

"அறை வெப்பம்" என்று செய்முறைத் தாளில் இருந்தால் அது 22, 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. நின்ற அறை 35-ஐத் தாண்டும். யூரியா சூட்டில் சயனேட்டாகி லைசினில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே அன்றன்று கரையுங்கள், சூடாக்கிக் கரைக்காதீர்கள். டிரிஸின் பி.எச். வெப்பம் ஏற ஏற டிகிரிக்குச் சுமார் 0.03 இறங்கும். 35 டிகிரியில் 8.0 வைத்த கரைசல் குளிர் அறையில் ஏறத்தாழ 9 காட்டும், பயன்படுத்தும் வெப்பத்திலேயே சரிசெய்யுங்கள். கடற்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நொடியில் நசநசக்கும், எடை தவறும்.

மடித்தல்

12.5 பி.எச்.-இல் டைரோசின் அயனியாவதால் 280 நானோ மீட்டர் ஒளி அளவு ஏமாற்றும். 20 மடங்கு நீர்த்து பிராட்ஃபோர்டு சாயத்தில் அளவிடுங்கள். 50 மில்லி மோலார் டிரிஸ் (பி.எச். 8), 2 மோலார் யூரியா, 10% கிளிசரால், ஒடுக்கிய குளூட்டத்தையோன் 1, ஆக்சிஜனேற்றியது 0.1 மில்லி மோலார்: 4 டிகிரியில் மெதுவாகக் கலக்கிக்கொண்டே புரதத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முடிவில் மில்லி லிட்டருக்கு 0.1 மி.கிராமைத் தாண்டக் கூடாது. பொறுமையின்றி ஒரேயடியாக ஊற்றினால் பால் போல் வெளுக்கும், மடிப்பதற்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். பி.எச். ஏறியிருந்தால் சரிசெய்து இரவு முழுக்க விடுங்கள்.

யூரியாவை டயாலிசிஸில் படிப்படியாகக் குறைத்து, திரண்டதைச் சுழற்றி நீக்கி, நிக்கல் பத்தியில் ஏற்றுங்கள். 20 மில்லி மோலார் இமிடசோலில் கழுவி 250-இல் இறக்கலாம். இறங்கியதை, டைசல்பைடை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என ஜெல்லில் ஓட்டுங்கள். சரியாக மடிந்தது இல்லாத தடத்தில் சற்று வேகமாக ஓடும். 48 கிலோ டால்டன் அருகே தெரியும் பட்டை மெர்காப்டோஎத்தனாலில் மறைந்தால் தவறான பிணைப்பால் இரட்டையானது. அடுத்த முறை இன்னும் நீர்க்க மடியுங்கள்.

கையில் இருப்பது மருந்து அல்ல. டேக் ஒட்டியிருக்கிறது, திராம்பினால் வெட்டினாலும் நான்கு அமினோ அமிலம் மிஞ்சும். இ.கோலையின் எண்டோடாக்சின் நச்சு 0.22 மைக்ரான் வடிகட்டியில் நிற்காது. உயிருள்ள எதற்குள்ளும் செலுத்தக் கூடாது.

செல் கழிவை 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்டுங்கள். யூரியா கலந்த கழிவில் பிளீச்சிங் கரைசல் ஊற்றாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.