மோன்செகூர் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் பிரான்சில் பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள மோன்செகூர் கோட்டைக்குச் செல்பவர்களில் பலர், சாலையோரம் வண்டியை நிறுத்திக் குன்றேறிப் படமெடுத்துக்கொண்டு, கீழே இருக்கும் சிற்றூருக்குள் காலடி வைக்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். நூறு பேரளவே வாழும் அவ்வூரின் சிறிய அருங்காட்சியகத்தில்தான், குன்றில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அன்றாடப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றை முதலில் பார்த்துவிட்டு ஏறுவதே முறை என்பேன்.

கண்ணெதிரே நிற்கும் சுவர்களைக் கதார் என்ற இடைக்காலக் கிறித்தவப் பிரிவினர் வாழ்ந்த கோட்டையென நம்புவது இன்னொரு தவறு. கத்தோலிக்கத் திருச்சபை புறச்சமயத்தாரென ஒதுக்கிய அவர்கள் அடைக்கலம் புகுந்திருந்த இக்குன்று, 1243 மே மாதம் முற்றுகைக்குள்ளாகி, 1244 மார்ச்சில் பணிந்தது. தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோர் மார்ச் 16 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அதன்பின் அந்நிலத்தைப் பெற்ற லெவிஸ் குடும்பத்தார் எழுப்பிய காவற்கோட்டையின் சிதைவையே நாம் இன்று காண்கிறோம். கதார் மக்களின் உண்மையான தடயம் வேண்டுமென்றால், மதிலுக்கு வெளியே சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் வீட்டு அடித்தளங்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அவற்றை வெறும் கற்குவியல் என்று கடந்துபோவது வருத்தமளிக்கிறது.

இயேசு பருகிய புனிதக் கிண்ணம் இங்கே புதைந்திருப்பதாகப் பிற்காலத்தில் எழுந்த கதையை நம்பி, உலோகம் கண்டறியும் கருவியுடன் எவரும் செல்லக் கூடாது. அனுமதியின்றி அக்கருவியால் தொல்பொருள் தேடுவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒவ்வொரு அடுக்கு மண்ணும் ஆய்வாளருக்குச் சான்றாக இருக்கும் இடத்தைக் கிளறுவது, மடிந்தவர்களைப் பற்றி அறியும் வழியையே அடைத்துவிடுகிறது. எரிக்கப்பட்டவர்களின் நினைவுக்கல் நிற்கும் புல்வெளியில் துணி விரித்து உண்பதையும் தவிர்க்கலாம்.

உச்சி 1,207 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதை செங்குத்தானது, மழையில் சுண்ணாம்புப் பாறை வழுக்கும் என்பதால் சாதாரணச் செருப்பு உதவாது. இடி மின்னலுக்கு அறிகுறி தெரிந்தால் ஏறவே கூடாது. சிற்றூரில் எந்நேரமும் கடை திறந்திருக்கும் என எண்ணாமல் தண்ணீரும் உணவும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். எதிர்ப்படும் ஊராரிடம் ‘போன்ஜூர்’ (வணக்கம்) என்று சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. குளிர்காலத்தில் செல்வோர், கோட்டையும் அருங்காட்சியகமும் திறந்திருக்கும் நாள்களைப் புறப்படுமுன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.